வரி கட்டாத சாவுகள்

பத்து லட்சம் என்ற தொகையின் மேல் நம் அரசுக்குத் தனிப் பிரியம். கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். விற்றுச் சாகடித்தவனுக்கு, 2024 ஜூன் 29 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய மதுவிலக்குத் திருத்தச் சட்டப்படி, ஆயுள் சிறையோடு குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். வரவும் செலவும் எப்படிப் பொருந்துகின்றன, பாருங்கள்! ஒரு பிணத்துக்கு ஒரு கொலையாளி சிக்கி, அவன் ஒழுங்காக அபராதத்தையும் கட்டிவிட்டால், கஜானாவுக்குச் சல்லிக் காசு நட்டமில்லை. கோட்டையில் கணக்குத் தெரிந்த ஆட்கள் இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகள் விழுந்த கருணாபுரத்தில் பிணங்களின் எண்ணிக்கைக்குக் கொலையாளிகள் ஈடுகொடுக்கவில்லை. கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கிறது அந்தப் பகுதி. காவல் நிலையமும் நீதிமன்றமும் பக்கம். கல்வராயன் மலை உச்சியில், ஆள் ஏறாத ஓடையோரத்தில், இரவோடு இரவாக நடந்த வியாபாரமாக இருந்திருந்தால் ‘தெரியாது’ என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். இது பட்டப்பகலில், ஊருக்கு நடுவே, பாக்கெட்டில் கிடைத்த சரக்கு. குடிப்பவனுக்கு எந்த வீடு என்று தெரியும். அவன் பெண்டாட்டிக்குத் தெரியும். அவளைத் தேடி வரும் வட்டிக்காரனுக்குத் தெரியும். தெரிந்துகொள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கடைசி வரை தெரியவில்லை.

2024 ஜூன் 19 அன்று முதல் சாவுகள் விழுந்தபோது மாவட்ட நிர்வாகம் அவை சாராயச் சாவுகள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வேறு நோய்களின் பெயர்கள் சொல்லப்பட்டன. நிர்வாகம் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் இடம் போதாமல் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் ஓடின. முடிவில் 65 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பெண்களும் அதில் உண்டு. அப்பாவையும் அம்மாவையும் ஒருசேரக் கொடுத்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பணம் அந்தப் பிள்ளைகளுக்குச் சேரட்டும். ஆனால் அறிவிப்பு வந்த வேகத்தைக் கவனித்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். இது பழகிய கை. படிவம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

ஏன் இருக்காது? பதின்மூன்று மாதங்களுக்கு முன்னால்தான், 2023 மே மாதம், மரக்காணத்துக்குப் பக்கத்து மீனவர் கிராமமான எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பக்கமும் 22 பேர் இதேபோல் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் போலவே சரக்கில் இருந்த விஷம் மெத்தனால். அதே 10 லட்சம். இன்னும் பின்னால் போனால் 2001-இல் பண்ருட்டி, ஐம்பது பேர் அளவில். அப்போது ஆட்சியில் இருந்தது, 2024-இல் எதிர்க்கட்சியாக இருந்த அ.தி.மு.க. பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி மூன்றுமே பழைய தென்னாற்காடு மாவட்டம்தான். மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பதில் மூன்று ஆட்சியர் அலுவலகங்கள், மூன்று காவல் கண்காணிப்பாளர்கள், மூன்று மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுகள் கிடைத்தன. சாராயம் மட்டும் பிரிவினையை ஏற்கவில்லை.

இப்போது அந்த ஜூன் 29-க்கு வருவோம். கள்ளக்குறிச்சியைப் பற்றி அவைக்குள் கூச்சலிட்ட அ.தி.மு.க. உறுப்பினர்கள் மூன்று நாள் முன்பே கூட்டத்தொடர் முடியும் வரை வெளியே அனுப்பப்பட்டிருந்தார்கள். ஆகவே அவை அமைதியாக இருந்தது. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் முத்துசாமி மசோதாவைக் கொண்டுவந்தார். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனைகள் உயர்ந்தன. காய்ச்சுவது, கடத்துவது, வைத்திருப்பது, விற்பது போன்ற குற்றங்களுக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். அசையும் சொத்துகள் பறிமுதல். குடிக்க இடம் கொடுத்த கட்டடத்துக்குச் சீல். குடித்தவன் செத்தால் மேலே சொன்ன ஆயுளும் பத்து லட்சமும். அன்றைக்கே நிறைவேறியது. ஜூலையில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரு பாலத்துக்கு இதே வேகத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தால் கல்வராயன் மலையில் எத்தனையோ ஊர்களுக்கு ஆம்புலன்ஸ் போயிருக்கும்.

அன்றைய அவையில் மூத்த அமைச்சர் துரைமுருகன் ஓர் ஆய்வுரையும் நிகழ்த்தினார். உழைக்கிறவர்கள் அலுப்புக்காகக் குடிக்கிறார்கள். அரசு விற்கும் சரக்கு அவர்களுக்குக் குளிர்பானம் மாதிரி ஆகிவிட்டது, அதில் கிக் போதவில்லை, அதனால்தான் கள்ளச்சாராயத்துக்குப் போகிறார்கள் என்பது அதன் சாரம். விற்பனையாளரே தன் சரக்கின் தரத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட வேறொரு சந்தர்ப்பம் வணிக உலகில் இருக்குமா, தெரியவில்லை. மரக்காணம் நடந்து இரண்டே மாதத்தில், 2023 ஜூலையில், முத்துசாமியும் தன் பங்குக்கு ஒரு தீர்வைச் சொல்லியிருந்தார். கூலிக்காரர்கள் ஒரு குவார்ட்டரைப் பங்குபோட ஆள் தேடி நிற்க வேண்டியிருக்கிறதாம். ஆகவே 90 மில்லி டெட்ரா பேக் கொண்டுவரலாமா என்று யோசிக்கப்படுகிறதாம். கட்டிங் போட ஆள் கிடைக்காத ஏழையின் தனிமையைக் கண்டு உருகிய அரசு உலகத்தில் வேறு எங்கும் இருந்ததில்லை.

சும்மா சொல்லக் கூடாது, இந்த உருக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023–24 நிதியாண்டில் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வரி 45,855 கோடி ரூபாய். அதை நாளுக்கு வகுத்தால் 125 கோடி. கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. மணிக்கு 12 கோடிக்குக் கொஞ்சம் மேல். கள்ளக்குறிச்சியில் செத்தவர்களை 65 என்றே வைத்துக்கொண்டு, தலைக்கு 10 லட்சம் என்றால் ஆறரைக் கோடி. அதாவது, மக்கள் அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகக் குடித்து முடிப்பதற்குள் அந்தத் தொகையை அரசு திரும்ப எடுத்துவிடும். பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் பன்னிரண்டரை வாக்கில் பாவம் கழிந்தது. அதற்கப்புறம் இரவு பத்து மணி வரை லாபம்.

இந்தக் கணக்குக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். சாராய வருமானம் போய்விட்டதே, கஜானாவுக்கு என்ன செய்வது? 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். குடியை நிறுத்தியதற்கு ஈடாக மக்கள் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி. அப்புறம் 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. மூன்றாண்டில் திரும்ப வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி போனது. 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை புரட்டலிலும் விற்பனை வரி ஒரு நாள்கூட ‘நான் வந்த வேலை முடிந்துவிட்டதே, கிளம்பட்டுமா’ என்று கேட்கவில்லை. இன்று குடிப்பவனும் வரி கட்டுகிறான். குடிக்காதவனும், குடியை நிறுத்தியதற்காகப் போட்ட வரியின் பேரப்பிள்ளையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். இவ்வளவும் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் என்ற அதே கூரையின் கீழ் நடக்கிறது.

சரி, சட்டம் எதைத்தான் விலக்குகிறது?

கடலூர் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தால் தெரியும். புதுச்சேரியிலிருந்து வரும் பேருந்தில் ஏறி, சீட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவுகிறார்கள். ஒரு பை சிக்குகிறது. உள்ளே நாலு பாட்டில். ஆலையில் செய்து, மூடி முத்திரையிட்ட சரக்கு. அதே பெயர் தாங்கிய பாட்டிலைச் சாவடிக்கு இந்தப் பக்கம் அரசே விற்கிறது. பைக்காரன் செய்த குற்றம், புதுச்சேரி அரசுக்கு வரி கட்டிவிட்டுத் தமிழ்நாட்டு அரசுக்குக் கட்டாமல் வந்ததுதான். அவன் ஈரலுக்கு இரண்டு மாநிலமும் ஒன்றுதான். பனைமரம் ஏறிப் பானையில் கள் இறக்குகிறவனும் அதே சட்டத்தின் குற்றவாளி. பனை நம் மாநில மரம். அதன் சாறு புளித்துப் போனால் 1987-லிருந்து அது மாநிலக் குற்றம். கேரளத்தில் இதே கள் உரிமம் பெற்ற கடையில் கப்பைக்கிழங்கோடு பரிமாறப்படுகிறது. மூன்றாவதாக, பாக்கெட்டில் மெத்தனால் ஊற்றி விற்றவன். புதுச்சேரிப் பாட்டில், பனங்கள், மெத்தனால் மூன்றும் ஒரே சட்டத்தில், ஒரே துறையின் கையில், ஒரே ரோந்து வண்டியின் பொறுப்பில் இருக்கின்றன. அமலாக்கப் பிரிவுக்கு மாதாந்திர வழக்குக் கணக்கு காட்ட வேண்டுமே! எதைப் பிடிப்பது சுலபம்? பேருந்தில் தூங்குகிறவன் பையையா, ஊரில் செல்வாக்கோடு சரக்கு இறக்குகிறவன் குடோனையா?

மெத்தனால் குடித்தவன் உடனே சாவதில்லை. அதில்தான் அதன் வஞ்சகம். போதை வழக்கம்போல் ஏறும். வீட்டுக்குப் போய்ப் படுப்பான். ஈரல் அதை மெல்ல மெல்லப் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றும். அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்கும், வயிறு பிசையும், மூச்சு இரைக்கும். பார்வை நரம்பைத்தான் அது முதலில் தேடிப் போகிறது. இதற்கு மருத்துவர்கள் கொடுக்கும் முறிவு மருந்துகளில் ஒன்று எத்தனால். ஈரல் முதலில் எத்தனாலைச் செரிக்கப் போய்விடும், அந்த இடைவெளியில் மெத்தனாலை வெளியேற்றலாம். குவார்ட்டரில் இருக்கும் அதே எத்தனால்தான். டாஸ்மாக் இதை இன்னும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பது அதன் அடக்கத்தைக் காட்டுகிறது.

இந்த மெத்தனால் மலையில் ஊறுவதில்லை. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் பேரலில் ஊறல் வைத்துக் காய்ச்சுகிறவனிடம் மெத்தனால் ஆலை இல்லை. அது பெயின்ட்டுக்கும் கரைப்பானுக்கும் மருந்துத் தொழிலுக்கும் போகும் சரக்கு. உரிமம் உண்டு, பதிவேடு உண்டு, லாரிக்குச் சீட்டு உண்டு. தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹால் என்ற இந்த மெத்தனாலுக்கும் வார்னிஷுக்கும் என்று 1959-லேயே தனி விதிகள் போட்டிருக்கிறார்கள். ஆக, நேரு பிரதமராக இருந்த காலத்திலேயே இந்தத் திரவம் குடிகாரன் வயிற்றுக்குப் போகும் வழி அரசுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை பிணம் விழுந்த பிறகும் அமலாக்கப் படை முதலில் ஏறுவது மலைக்குத்தான். ஊறல் பேரலைக் கவிழ்த்து, அது ஓடையில் ஓடுவதைப் படம் எடுத்து, எத்தனை ஆயிரம் லிட்டர் என்று பத்திரிகைக்குக் கொடுக்கிறார்கள். மரக்காணத்தில் செத்தவனைக் கொன்றது ஊறல் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த மெத்தனால். ஆனால் தொழிற்சாலையின் பதிவேட்டைப் புரட்டுவதைப் படம் எடுத்தால் நன்றாக வராது.

தண்டனையை ஏற்றியதால் என்ன ஏறியிருக்கும்? கோட்டையில் இருப்பவர்கள் பயம் என்பார்கள். கீழே இருப்பவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு புளியமரத்தடியில், திருத்தம் அரசிதழில் வந்த மறுநாள் நடந்திருக்கக் கூடிய பேச்சு இது. முழுக் கற்பனை. நடந்திருக்கவே முடியாத ஊர் ஒன்றைக் காட்டுங்கள், நான் இதை அடித்துவிடுகிறேன்.

“என்னாங்க ஏட்டய்யா, இந்த மாசம் இன்னும் ஒண்ணு சேத்துக் கேக்கறீங்க?”

“பேப்பர் படிக்கறதில்லையாடா நீ? சட்டம் மாறிப்போச்சு. முன்ன மாதிரி உள்ள போனமா, ரெண்டு மாசத்துல வந்தமான்னு இல்ல. பத்து வருசம். அஞ்சு லட்சம் அவராதம்.”

“அது புடிச்சாத்தானுங்களே?”

“அதத்தான்டா நானும் சொல்றேன். புடிக்காம இருக்கறதுக்கு முன்ன ஒரு வெல. இப்ப ஒரு வெல. பத்து வருசத்துல இருந்து ஒன்ன காப்பாத்தறேன், பழைய காசுக்கு எப்பிடிடா கட்டுப்படியாவும்?”

“மேல குடுக்கறது...”

“மேலயும் ஏறிடுச்சு. நானு என்னா, எனக்காகவா கேக்கறேன்?”

“சரிங்கய்யா. அப்ப சரக்குல கொஞ்சம் தண்ணி சேக்கணும். தண்ணி சேத்தா ஏறாது. ஏறறதுக்கு எதனா சேக்கணும்.”

“என்னாத்தயாவது சேரு. என் லிமிட்ல எவனும் சாவக் கூடாது, ஆமா.”

கடைசி வரிதான் நம் மாநிலத்தின் மெய்யான மதுவிலக்குக் கொள்கை. எவனும் சாகக் கூடாது என்பதுகூட இல்லை, என் எல்லைக்குள் சாகக் கூடாது. பக்கத்து நிலைய எல்லையில் செத்தால் அது அந்த ஆய்வாளரின் விதி.

இந்த மாமூல் மனிதர்களுக்கும் தண்டனை இருக்கத்தான் செய்கிறது. கள்ளக்குறிச்சியில் ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் ஆனார், கீழே பலரும் ஆனார்கள். இடைநீக்கம் என்றால் பாதிச் சம்பளத்தோடு வீட்டில் இருப்பது. பிறகு விளக்கம், விசாரணை, ரத்து, நிலுவை, வேறு ஊர். பாக்கெட் விற்றவனின் மாடும் மொபெட்டும் பறிமுதல் ஆகும் நாட்டில் இவர்களின் எந்த அசையும் சொத்து அசைந்தது? விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒருநபர் ஆணையம் வந்தது. சி.பி.சி.ஐ.டி. வந்தது. சி.பி.ஐ. எதற்கு, எங்கள் போலீசே போதும் என்று அரசு நீதிமன்றத்தில் வாதாடியது. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கே மாற்றியது. தன் காவல்துறையின் மேல் அரசுக்கு இருந்த நம்பிக்கை, அந்தக் காவல்துறைக்குப் பக்கத்திலேயே குடியிருந்த கருணாபுரத்துக்காரர்களுக்கு ஏன் வரவில்லை என்று யாராவது ஆணையம் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தண்டனையை ஏற்றினால் சாவு குறையும் என்று நம்புகிறவர்கள் குஜராத்துக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே மாநிலம் பிறந்ததிலிருந்து மதுவிலக்கு. 2009 ஜூலையில் அகமதாபாதில் கள்ளச்சாராயம் குடித்து 130 பேருக்கு மேல் செத்தார்கள். கொதித்துப்போன அரசு சட்டத்தைத் திருத்தி, விஷச் சாராயம் விற்றவனுக்கு மரண தண்டனை வரை கொண்டுவந்தது. அதற்கு மேல் ஏற்றுவதற்குத் தண்டனை கிடையாது. சொர்க்கம், நரகம் எல்லாம் பொதுப் பட்டியலில்கூட வராது. 2022 ஜூலையில் போட்டாத் மாவட்டத்திலும் அகமதாபாதின் கிராமப்புறத்திலும் நாற்பது பேருக்கு மேல் மறுபடி செத்தார்கள். அகமதாபாதில் ஒரு நிறுவனத்தின் கிடங்கிலிருந்து 600 லிட்டர் மெத்தனால் திருட்டுத்தனமாக வெளியே வந்து, தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் போனது. தூக்குக்கயிற்றைச் சட்டப் புத்தகத்தில் மாட்டினார்கள். கிடங்கின் கதவில் ஒரு நல்ல பூட்டு மாட்ட எந்தத் திருத்தத்திலும் இடம் கிடைக்கவில்லை.

பீகாரின் கதை இன்னும் ருசியானது. 2016-இல் முழு மதுவிலக்கு வந்தபோது, வீட்டில் ஒரு பாட்டில் கிடைத்தால் அந்த வீட்டில் வயதுவந்தவர்கள் எல்லாரும் பொறுப்பு என்று சட்டம் எழுதினார்கள். மகன் ஒளித்து வைத்த பாட்டிலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்த தாயும் குற்றவாளி. நீதிமன்றங்கள் ஜாமீன் மனுக்களில் மூழ்கின. தொலைநோக்கில்லாமல் சட்டம் செய்வதற்கு எடுத்துக்காட்டாக, இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த ரமணா 2021-இல் பீகார் சட்டத்தைத்தான் சொன்னார். 2018-இல் ஒரு திருத்தம், 2022-இல் இன்னொரு திருத்தம். முதல்முறை குடித்துச் சிக்கியவன் 2,000 முதல் 5,000 ரூபாய் கட்டிவிட்டுப் போகலாம் என்று இறங்கி வந்தார்கள். அதே 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். குடித்தால் சாவீர்கள் என்றார் முதலமைச்சர் நிதிஷ் குமார். நிவாரணம் கிடையாது என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு இன்னும் சிலர் செத்த பிறகு, தலைக்கு 4 லட்சம் என்று மனம் இரங்கினார். பார்த்தீர்களா, நாம் எவ்வளவு முன்னேறிய மாநிலம்! இங்கே பத்து.

மூன்று மாநிலங்களிலும் ஒரே காட்சி. செத்தவன் குடிசைக்காரன். சிக்குபவன் பக்கத்துக் குடிசைக்காரன். ஆலையிலிருந்து சரக்கை வெளியே விட்டவனும், வழிநெடுக வண்டிக்குச் சல்யூட் அடித்தவனும் சாட்சிக் கூண்டுப் பக்கம்கூட வருவதில்லை. சட்டத்துக்கு ஆளை அடையாளம் காட்டுவது கையில் என்ன வைத்திருக்கிறான் என்பதுதான். பாக்கெட் வைத்திருப்பவன் உடைமைக் குற்றவாளி. பாக்கெட்டால் வந்த பணத்தை வைத்திருப்பவன் காலையில் தேர்ப்பந்தலில் முதல் மரியாதை வாங்குகிறான்.

அப்படியானால் அந்தக் கூலிக்காரன் ஏன் அரசுக் கடைக்குப் போகவில்லை? சாதாரணக் குவார்ட்டர் 2024 பிப்ரவரியில் 140 ரூபாய் ஆனது. அதற்கு மேல் கடையில் கேட்கும் பத்து ரூபாய் தனி. அது எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது என்று கேட்பது நாகரிகம் ஆகாது. நாள் கூலியில் மூன்றில் ஒன்றோ நாலில் ஒன்றோ அங்கே போய்விடுகிறது. பாக்கெட் அதைவிட மலிவு, வீட்டுக்குப் பக்கம், காலை ஆறு மணிக்கே கிடைக்கும், கடனும் கொடுப்பார்கள். ஏழையின் கழுத்து வரை வரியை ஏற்றிவிட்டு, வரியில்லாத சரக்குக்கு ஏன் போனாய் என்று கேட்பது அரசுக்குச் சுலபம். குடியே வேண்டாம் என்று அவன் பெண்டாட்டி ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நின்றாளே, அந்த மனுக்கள் எந்தத் துறைக்குப் போயின? அதே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கு. இலக்கை எட்டவில்லை என்று கடை மேற்பார்வையாளரை விரட்டுவதும் அந்தத் துறையின் நிறுவனம்தான்.

வரி கட்டிவிட்டுச் சாகிறவர்களைப் பற்றி இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. ஈரல் சுருங்கி, வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து, முறையாக, பல ஆண்டுகள் தவணையில் செத்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு அரசு மருத்துவமனை வார்டிலும் கிடக்கிறார்கள். அவர்களுக்கு 10 லட்சம் இல்லை, அமைச்சர் வருகை இல்லை, ஒருநபர் ஆணையம் இல்லை. அவர்கள் குடித்த ஒவ்வொரு பாட்டிலிலும் ஹாலோகிராம் ஒட்டியிருந்தது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். எப்படியும் அடுத்த முறை பிணங்கள் விழுந்ததும் சட்டத்தை இன்னொரு முறை திருத்துவார்கள். அவசரத்தில் எழுத வேண்டியிருக்கும். அந்த அவசரத்துக்கு உதவியாக ஒரு பிரிவை எழுதி வைத்திருக்கிறேன். இலவசம்.

(1) ஓர் எல்லைக்குள் கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால், ‘எங்கள் எல்லையில் கள்ளச்சாராயம் இல்லை’ என்று அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் கையெழுத்திட்டு வைத்திருந்த ஒவ்வோர் அறிக்கையும் சட்டவிரோதச் சரக்காகக் கருதப்படும். அதை வைத்திருந்தவரும் மேலொப்பமிட்டவரும் உடைமைக் குற்றம் செய்தவர்கள் ஆவர்.

(2) மெத்தனால் பதிவேட்டில் குறையும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆலை உரிமையாளரும் உரிமம் புதுப்பித்த அலுவலரும் அதைக் குடித்தவனின் பக்கத்துப் படுக்கையில், கண் பார்வை திரும்பும் வரையிலோ திரும்பாது என்று தெரியும் வரையிலோ, உடனிருக்க வேண்டும்.

(3) நிவாரணத் தொகை கஜானாவிலிருந்து கொடுக்கப்படாது. உபபிரிவு (1)-இல் கண்டவர்களின் அசையும், அசையாச் சொத்துகளிலிருந்தும், பினாமி பெயரில் அசைந்துகொண்டிருக்கும் சொத்துகளிலிருந்தும் வசூலிக்கப்படும்.

(4) இந்தப் பிரிவின் கீழ் இடமாற்றம் என்பது தண்டனையாகக் கருதப்படாது.

(5) ‘தெரியாது’ என்ற பதில் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளப்படும்.